லாத்தாவின் பிஸ்டல்

கல்ஃபில், ருவைஸ் என்ற ரிஃபைனரி ஊரில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் இருந்த லாத்தா, மனசாரக் கொடுக்காத ஒரு பொருளையும் வீட்டுக்குள் விடமாட்டார். பாதி விலைக்கு வந்தாலும் சரி, ஓசியில் வந்தாலும் சரி. கொடுக்கிறவர் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்ப்பார். வலது கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, "தில் குஷ்?" என்று கேட்பார், மனசுக்குச் சந்தோஷம்தானா என்று. பதில் வந்த பிறகுதான் பொருளில் கை வைப்பார்.

அவருக்குத் தெரிந்த இந்தியே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு பாகிஸ்தானி, பிலிப்பினோ, எகிப்துக்காரி, வெள்ளைக்காரர் என்று ஒருவரையும் விட்டுவைக்காமல் வியாபாரம் பேசினார். எட்டு மாதம் இந்தி ட்யூஷன் போன எனக்கு அந்தத் தைரியம் வரவே இல்லை.

லாத்தா என்றால் அவர்கள் கீழக்கரைப் பக்கத்தில் அக்கா. நான் திருச்சிக்காரி, வேறு மதம், வேறு சாப்பாடு. இருந்தாலும் குடிவந்த முதல் வாரமே எனக்கும் அவர் லாத்தா ஆகிவிட்டார். அவர் கணவருக்கு மார்க்கெட்டில் மளிகைக் கடை. அவரை நான் காக்கா என்று கூப்பிடுவேன், அண்ணன் என்று அர்த்தம். ஊரிலிருந்து முதல் தடவை வந்திருந்த என் அப்பா, நான் ஒரு பெரிய மனிதரைக் காக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு அன்று முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை.

"பொருந்திக் குடுக்கணும் புள்ள" என்பார் லாத்தா. "மனசு பொருந்தாமக் குடுத்த சாமான்ல பரக்கத்து இருக்காது, வெளங்காது. அது நம்ம வீட்டுல உக்காந்துக்கிட்டு அவுக வீட்டையே நெனச்சுக்கிட்டு இருக்கும்."

ருவைஸில் பழைய பொருள் வாங்குவதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. எல்லோரும் இரண்டு பெட்டியோடு வருகிறோம், இரண்டு பெட்டியோடு போகப்போகிறோம். நடுவில் சேருகிற ஃபிரிட்ஜும் கட்டிலும் வீடு மாறி வீடு மாறி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். கான்ட்ராக்ட் முடிந்து கிளம்புகிறவர் சூப்பர்மார்க்கெட் வாசல் பலகையில் ஒரு காகிதம் ஒட்டுவார். வெள்ளிக்கிழமை காலையில் நாங்கள் பெண்கள் படையாகக் கிளம்பிப் போவோம். படைக்குத் தளபதி லாத்தாதான்.

ஒரு தடவை கோவாக்காரர் வீட்டில் சாப்பாட்டு மேஜை ஒன்று. நல்ல தேக்கு. பேசி முடித்து, சுமை தூக்குகிற இரண்டு பட்டாணியர்கள் அதைத் தூக்கி வாசல் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். அப்போது அந்த வீட்டம்மா ஓடிவந்து, கையிலிருந்த துணியால் மேஜையை இன்னொரு தரம் துடைத்தாள். அவ்வளவுதான். லாத்தா கையைத் தூக்கி, "ருக்கோ" என்றார். துடைத்தவளிடம் போய் நெஞ்சில் கை வைத்துக் கேட்டார். அந்த அம்மா சிரித்தாள், தலையை ஆட்டினாள், பிறகு மூக்கை உறிஞ்சினாள். மேஜை திரும்ப உள்ளே போய்விட்டது. வரும் வழியெல்லாம் நான் புலம்பிக்கொண்டே வந்தேன். "தேக்கு லாத்தா அது. நீங்க வேண்டாம்னா நானாவது வாங்கியிருப்பேன்."

"அவ கை அந்த மேசையிலதான் இருக்கு. நீ அதுல சோத்தத் தின்னுருவியா?" என்று கேட்டார்.

அதற்கு நேர் மாறானது சோபா கதை. எகிப்து டீச்சர் ஒருத்தி தன் வீட்டு சோபாவை ஏறக்குறைய சும்மாவே கொடுத்தாள். லாத்தா கேட்பதற்கு முன்பே, "கலாஸ், கலாஸ், முடிஞ்சுது, எடுத்துட்டுப் போ" என்று கையால் சைகை காட்டி, லாத்தாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் வேறு கொடுத்தாள். லாத்தா பூரித்துப்போனார். "பாரு புள்ள, எம்புட்டுச் சந்தோசமாக் குடுக்குறா. இதுல உக்காந்தாலே தூக்கம் வரும்" என்றார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்த்தால் இடது பக்க ஸ்பிரிங் மொத்தமாகப் போயிருந்தது. யார் உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் இடது பக்கம் சரிந்து பக்கத்து ஆள் மடியில் போய் விழுவார்கள். "அவ ஏன் அவ்வளவு சந்தோஷமா இருந்தான்னு இப்பப் புரியுதா?" என்று நான் கேட்டேன். "புரியுது. ஆனா பொருந்திக் குடுத்தாள்ல" என்றார், சாய்ந்தபடியே. அந்த சோபாவை அவர் மாற்றவே இல்லை.

மீன்காரரிடம் நாக்கு வறண்டு போகிற வரைக்கும் பேரம் பேசுவார். பேசி ஜெயித்த பிறகு, "தில் குஷ்?" அந்த ஆள் முகத்தைக் கொஞ்சம் சுளித்தால் போதும், குறைத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுவார். மீன்காரர்கள் நாளடைவில் முகத்தைச் சுளிக்க நன்றாகப் பழகிக்கொண்டார்கள். காக்கா தலையில் அடித்துக்கொள்வார். "இவள ஒரு நாள் கடையில உக்கார வெச்சா, மறுநாள் நான் ஊருக்கு டிக்கெட் எடுக்கணும்."

இப்படிப்பட்டவரைத்தான் நான் என் கணவருக்கு எதிராக இறக்கிவிட்டேன்.

விஷயம் ஒரு பிஸ்டல். ரிஃபைனரியில் என் கணவரோடு வேலை பார்த்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர் ரிட்டயர் ஆகி ஊர் திரும்ப இருந்தார். அவர் ஒட்டிய காகிதத்தில் புல் வெட்டும் மெஷின், இரண்டு ஏணி, மீன் தொட்டி, அதற்கெல்லாம் கீழே லிமிடெட் எடிஷன் பிஸ்டல் ஒன்று. ஏதோ ஒரு பழைய தொழிற்சாலை தன் நூறாவது வருஷத்துக்காக ஐந்நூறே ஐந்நூறு செய்ததாம். வால்நட் மரப் பெட்டி, உள்ளே கருஞ்சிவப்பு வெல்வெட், கைப்பிடியில் கொடி கொடியாகச் செதுக்கல், பக்கவாட்டில் அதன் நம்பர். இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்க்கிற என் கணவர் ஒரு நாள் ட்யூட்டி முடிந்து ஏணி பார்க்கப் போனவர், ஏணியை மறந்துவிட்டு வந்தார்.

"ஏங்க, நம்ம வீட்டுல துப்பாக்கியா?"

"துப்பாக்கி இல்லம்மா. கலெக்டர்ஸ் பீஸ். குழல்ல ஈயம் ஊத்தி அடைச்சிருக்கு. இது ஆயுதம் இல்லன்னு போலீஸ் முத்திரை போட்ட பேப்பர் பெட்டிக்குள்ளயே இருக்கு."

"சுடாத துப்பாக்கிய வெச்சு என்ன பண்றது?"

"அப்ப சுடுறதா வாங்கட்டுமா?"

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. ஆனால் அவர் சிரிக்கவில்லை. தினமும் மாலையில் அந்த வீட்டுக்குப் போய் பிஸ்டலைப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு நாள் வாங்கிவிடலாம் என்பார், மறுநாள் வேண்டாம் என்பார். யாரோ கையாண்டது, பெட்டி மூலையில் ஒரு கீறல் இருக்கிறது என்பார். அந்தக் கீறல்தான் அதற்கு அழகு என்று அவரே பதிலும் சொல்லிக்கொள்வார். ஊருக்குக் கொண்டுபோக முடியாது, ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்தால் கதை கந்தலாகிவிடும் என்பார். போகும்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போது என்ன அவசரம் என்பார். ஒரு நாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிறேன், டி.வி.க்குப் பக்கத்துத் தட்டில் டேப் வைத்து அளந்துகொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் டேப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

எனக்குப் பயம். மகளுக்கு அப்போது நாலு வயசு. அந்தப் பெட்டியைத் திறந்து எடுத்து விளையாடப் பழகிவிட்டாள் என்றால், நாளைக்கு வேறு எங்கோ நிஜத் துப்பாக்கியைப் பார்த்தாலும் கையை நீட்டுவாள். ஈயம் ஊற்றியதா ஊற்றாததா என்று பிள்ளைக்குத் தெரியுமா? அதைச் சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டுவிட்டு மறுபடியும் பார்க்கப் போனார்.

என்னால் வேண்டாம் என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. கல்ஃபுக்கு வந்ததிலிருந்து அவர் ஊருக்குக் கட்டிய அட்டைப் பெட்டி எல்லாம் தங்கைகளுக்கும் மச்சான்களுக்கும்தான் போயிருக்கிறது. தனக்கென்று ஒரு பொருளின் மேல் ஆசைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. முதல் தடவை ஆசைப்பட்டது போயும் போயும் ஒரு பிஸ்டல்.

அப்போதுதான் லாத்தா ஞாபகம் வந்தது. அப்படி ஒரு பொருளை யார் சந்தோஷமாக விற்பார்கள்? அந்த வெள்ளைக்காரர் கண்டிப்பாகப் பெண்டாட்டியின் நச்சரிப்பில்தான் விற்கிறார். லாத்தா ஒரு பார்வை பார்த்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும், நானும் கெட்ட பேர் வாங்க வேண்டாம். "லாத்தா, நீங்களும் வந்து கேட்டுச் சொல்லுங்க. நீங்க சொன்னா அவர் கேட்பார்" என்று ஐஸ் வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஸ்காட்லாந்துக்காரரின் மனைவி டீயும் வெண்ணெய் பிஸ்கட்டும் வைத்தாள். வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். நடுவில் ஒரு ஸ்டூலின் மேல் அந்த வால்நட் பெட்டி, மூடி திறந்தபடி. லாத்தா குனிந்து பார்த்தார். தொடவில்லை.

"பூவேலை நல்லாத்தான் பண்ணிருக்கான்" என்றார். பிறகு நிமிர்ந்து அந்தக் கிழவரைப் பார்த்தார். கை நெஞ்சுக்குப் போனது. "சாப். தில் குஷ்?"

கிழவருக்கு இந்தி நன்றாகவே தெரியும், பதினைந்து வருஷம் பஞ்சாபி ஃபிட்டர்களோடு இருந்தவர். கொஞ்ச நேரம் யோசித்தார். எனக்குள் ஒரே குதூகலம். அவர் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கையமர்த்திவிட்டு, என் கணவரைக் காட்டிச் சொன்னார். விலை கேட்டு எத்தனையோ பேர் வந்தார்களாம். எல்லோரும் அதை எடுத்து எதையாவது குறிபார்த்துவிட்டுத்தான் கீழே வைத்தார்களாம். இந்த ஆள் ஒருவன்தான் ஒரு தடவைகூடக் குறிபார்க்காமல், பிரித்து உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கைப் பார்த்தானாம். இவன் கைக்குப் போனால், "பஹுத் குஷ்" என்றார் கிழவர். அவர் முகத்தில் துளிகூடப் பொய் இல்லை. எனக்கே தெரிந்தது.

போச்சு. என் ஆயுதம் என் பக்கமே திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என் கணவர் முகம் மலர்ந்து விரிந்தது.

ஆனால் லாத்தா எழுந்துகொள்ளவில்லை. அப்படியே என் பக்கம் திரும்பினார்.

"விக்கிறவரு பொருந்திட்டாரு. வாங்குற வீடும் பொருந்தணும்ல. நீ சொல்லு புள்ள. தில் குஷ்?"

அந்தக் கேள்வியை அவர் அதுவரை என்னிடம் கேட்டதில்லை. எத்தனையோ பேர் அதற்கு முன்னால் திணறுவதைப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன். இப்போது அது என்னிடமே வந்துவிட்டது. என் கணவர் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"இல்ல லாத்தா. எனக்குப் பயமா இருக்கு. புள்ள இருக்குற வீடு."

என் கணவர் பெட்டியின் மூடியை மெதுவாகச் சாத்தினார். "பரவால்லம்மா. விடு. பார்த்தாச்சுல்ல, போதும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் சண்டை போட்டிருப்பேன். அவர் நிஜமாகவே விட்டுவிட்டார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

லாத்தா அவரைப் பார்த்தார். "ஒங்களுக்கு?"

"சரிதான் லாத்தா."

"சரிதான்னா அது குஷ் இல்ல தம்பி" என்றார் லாத்தா. பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கடித்து, மென்று முடிக்கிற வரைக்கும் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அந்த அறையில் ஒருத்தர் முகம்கூட நன்றாக இல்லை. பிறகு கையிலிருந்த தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு, மீன் வாங்குகிற குரலில் சொன்னார். "அப்ப இத நான் வாங்குறேன்."

"நீங்களா?"

"ஏன், எங்கிட்ட ஷோகேஸ் இல்லியா? பூட்டு இருக்கு, சாவி எங்கிட்ட இருக்கு. ஒன் வீட்டுக்குள்ள அது வராது. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம தம்பி வந்து பாத்துக்கட்டும். சாபுக்கும் அவரு நெனச்ச கைக்குத்தான் போவுது. இப்பச் சொல்லு, யாருக்குப் பொருந்தல?"

எல்லோருக்கும் பொருந்தியது. கிழவர் எழுந்து நின்று லாத்தாவுக்கு ஒரு சல்யூட் வைத்தார். திரும்பும் வழியில் எனக்குத்தான் திடீரென்று தோன்றியது. "லாத்தா, எல்லாரையும் கேட்டீங்க. உங்களுக்குத் தில் குஷ்ஷா?"

"என்னய யாரு கேட்டா?" என்று சிரித்தார். காக்காவைக் கேட்கவேயில்லை என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. காக்கா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதவெச்சு என்னயத்தான் மெரட்டப் போறே" என்றதோடு சரி.

பிஸ்டல், லாத்தாவின் ஷோகேஸில் கண்ணாடிக் கிண்ணங்களுக்கும் பிளாஸ்டிக் ரோஜாவுக்கும் நடுவில் குடியேறியது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்து காக்கா தூங்கப் போனதும் என் கணவர் எதிர் ஃப்ளாட் கதவைத் தட்டுவார். இடது பக்கம் சரிகிற அந்த சோபாவில் உட்கார்ந்து பிரிப்பார், துடைப்பார், பூட்டுவார். கடல் காற்றில் துரு பிடித்துவிடும் என்று அவர் சொன்னதைக் கேட்டு லாத்தா நடுவில் ஒரு நாள் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். பிசுபிசு என்று அதில் தூசி ஒட்டிக்கொண்டு, என் கணவர் பதறிப்போனார். அதற்கப்புறம் தையல் மெஷின் எண்ணெய் என்று முடிவானது. கொஞ்ச நாளில் லாத்தாவே பிரிக்கக் கற்றுக்கொண்டார். "இந்தக் குட்டி ஸ்பிரிங்கு இருக்கே, இதுதான் எல்லாத்துக்கும் மூலம்" என்று எனக்குப் பாடம் எடுப்பார். வீட்டுக்கு வருகிற பெண்களுக்குச் சாயாவோடு பிஸ்டலும் காட்டப்படும்.

மூன்று நாலு வருஷம் அப்படியே ஓடியது. காக்காவுக்குச் சர்க்கரை கூடிப்போய், கடையைத் தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டு ஊரோடு போய்விடலாம் என்று முடிவு செய்தார்கள். சூப்பர்மார்க்கெட் பலகையில் லாத்தா வீட்டுக் காகிதம் ஏறியது.

அந்த வெள்ளிக்கிழமை மொத்த பில்டிங்கும் அவர் வீட்டில்தான். ஃபிரிட்ஜ் போனது, கட்டில் போனது, மிக்ஸி போனது. ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு போகிறவர்களிடம் லாத்தாவே முந்திக்கொண்டு, "தில் குஷ், தில் குஷ்" என்று தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். சோபாவை மட்டும் யாரும் சீண்டவில்லை.

கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் போனோம். மகள் வளர்ந்துவிட்டாள், லாத்தா வீட்டுக்குப் போய்ப் போய் அந்தப் பிஸ்டல் அவளுக்குத் தண்ணீர்க் கூஜா மாதிரி ஆகிவிட்டது. என் பயமும் எப்போதோ போயிருந்தது. "லாத்தா, நான் பொருந்திட்டேன். அதை எங்களுக்குக் குடுங்க" என்றேன். அவர் ஷோகேஸைத் திறந்து பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். வைத்துவிட்டு, முந்தானையால் மூடியை ஒரு தரம் துடைத்தார்.

எனக்குக் கோவாக்காரி ஞாபகம் வந்துவிட்டது. நெஞ்சில் கை வைத்து நான் கேட்டேன். "லாத்தா. தில் குஷ்?"

ஊரையே அந்தக் கேள்வி கேட்ட லாத்தா, "அடுப்ப அணைச்சேனான்னு தெரியல" என்று சமையலறைக்குப் போய்விட்டார். அடுப்பை முந்தின நாளே விற்றாகிவிட்டது.

காக்கா எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "அவ பொருந்தல" என்றார்.

சமையலறையிலிருந்து வந்தபோது லாத்தாவின் கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டுதான் வந்தார். "விக்க மாட்டேன் புள்ள. எனக்கு மனசு வரல. ஊருக்கும் கொண்டுபோக முடியாது. அமானிதமா வெச்சுக்கங்க. எம் பொருளுதான், ஒங்க வீட்டுல இருக்கட்டும். என்னைக்கு மனசு பொருந்துதோ அன்னைக்குச் சொல்றேன்." அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த அடுத்தவர் பொருள். அதைத் தன் பொருளைவிடப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று காக்கா என் கணவருக்கு விளக்கினார். "அதுக்கு நீங்க சொல்லணுமா காக்கா?" என்றார் இவர்.

நாங்கள் பிறகு அபுதாபிக்கு மாறினோம். பெட்டி மடியில்தான் வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை கீழக்கரையிலிருந்து போன் வரும். லாத்தா எடுத்தவுடன் எங்களில் யாரையும் நலம் விசாரிக்கமாட்டார். "எம் பொருளு எப்படி இருக்கு? எண்ணெ போட்டீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு என் கணவர் விலாவாரியாகப் பதில் சொல்லி முடித்த பிறகுதான் காக்காவின் சர்க்கரை, என் முட்டிவலி, மகளின் கல்யாணம் எல்லாம். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

வைக்கும் முன்பு நான் தவறாமல் கேட்பேன். "லாத்தா, இப்பவாவது தில் குஷ்ஷா?"

கேட்டதும் எனக்குத் திக்திக் என்றிருக்கும். குஷ் என்று சொல்லிவிட்டால் பொருள் எங்களுடையதாகிவிடும், அப்புறம் அவர் எதை விசாரிக்கப் போன் பண்ணுவார்?

"இன்னும் இல்ல புள்ள" என்பார் லாத்தா. எனக்கு உயிர் வரும்.